ரிஜிஸ்டர் விலகாத காற்று

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு வருஷம் முழுக்கத் தொங்கிய காலண்டரில் முருகனின் உதட்டுச் சிவப்பு உதட்டில் இல்லை. அரை மில்லிமீட்டர் தள்ளி, கன்னத்தோரம் விழுந்திருந்தது. வேலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு மெலிந்த மஞ்சள் வேல். சிவகாசியில் ஆஃப்செட் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த மாமா, கழித்துப் போட்ட கட்டிலிருந்து உருவிக்கொண்டு வந்தது அது. ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"ரிஜிஸ்டர் போயிருச்சு மாப்ள. ஐப்பசி அடமழையில ஓட்டுனது. தாளு ஈரத்தக் குடிச்சா நீளும்டா. மொத கலர் அடிச்சப்ப இருந்த தாளு, நாலாவது கலருக்கு வர்றப்ப அதே தாளு இல்ல." நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் உட்காருவதற்குத்தான் ரிஜிஸ்டர் என்று பெயர்.

2011இலிருந்து நான் சிங்கப்பூரில் ஒரு சிப் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். சிப் செய்யும் வேலை இல்லை. சிப் செய்யும் அறைக்குக் காற்றும் குளிர்நீரும் அனுப்பும் வேலை. ஊரில் கேட்டால் ஏசி மெக்கானிக் என்பார்கள். நான் மறுப்பதில்லை, ஏனென்றால் அதில் பொய் ஒன்றும் கிடையாது. ஆனால் இங்கே வந்த முதல் வருஷத்திலேயே ஒன்று புரிந்தது. மாமா சொன்ன அதே புகாரைத்தான் இங்கே லித்தோ பகுதிக்காரர்களும், அதாவது ஒளியால் சிப்பை வரைகிறவர்களும், சொல்கிறார்கள். மில்லிமீட்டருக்குப் பதிலாக நானோமீட்டர், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம் பிறகு தெரிந்தது. ஏசி என்ற சாமானே மனிதர்களுக்காகப் பிறந்ததில்லை. 1902இல் நியூயார்க்கின் புரூக்ளினில் சாக்கெட்-வில்ஹெல்ம்ஸ் என்று ஓர் அச்சகம். கோடைப் புழுக்கத்தில் தாள் ஊறி, நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை. பஃபலோ ஃபோர்ஜ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத வில்லிஸ் கேரியர் என்ற 25 வயது இன்ஜினியர், அதைச் சரிசெய்ய ஒரு திட்டம் வரைந்தார். குளிர்ந்த குழாய்ச் சுருளின்மீது காற்றை ஓட்டினால் ஈரம் சுருளில் படிந்து வடிந்துவிடும், அந்தக் காற்றை அச்சகத்துக்குள் விடலாம். குளிர்ச்சி அதோடு சேர்ந்து வந்தது. சினிமா கொட்டகை, வீடு, கார் எல்லாம் அப்புறம்தான். முருகன் உதட்டுக்காகப் பிறந்த மெஷின் என்று மாமாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "எங்க ஓனரு அத வாங்கவே இல்லையே" என்றார்.

சிப் செய்வதும் அச்சு வேலைதான். 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிக்கான் வட்டு, அதாவது வேஃபர். அதன்மீது ஒளியால் ஓர் அடுக்கு வரைந்து, அரித்து, படிய வைத்து, மறுபடி அடுத்த அடுக்கு. இப்படிப் பல பத்து அடுக்குகள். ஒவ்வொன்றும் முந்தைய அடுக்கின்மேல் பிசகாமல் உட்கார வேண்டும். முன்னணி சிப்களில் பிசகுக்கு விடும் இடம் இரண்டு மூன்று நானோமீட்டர். இப்போது ஒரு கணக்குப் போடுவோம். சிலிக்கான் ஒரு டிகிரி சூடேறினால் பத்து லட்சத்தில் 2.6 பங்கு விரியும். 300 மில்லிமீட்டருக்கு அது 780 நானோமீட்டர். ஒரே ஒரு டிகிரிக்கு! நூறில் ஒரு பங்கு டிகிரி மாறினாலே கிட்டத்தட்ட எட்டு நானோமீட்டர் போய்விடுகிறது. வட்டு முழுக்க ஒரே சீராக விரிந்தால், ஒளியால் வரையும் ஸ்கேனர் மெஷின் அளந்து பார்த்து ஈடுகட்டிக்கொள்ளும். ஒரு ஓரம் மட்டும் சூடேறினால்தான் சிக்கல். அதனால் ஸ்கேனர் தனக்குள்ளேயே தனி வெப்பக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அதைச் சுற்றி இருக்கும் அறைக்கு 22 டிகிரி, 45 சதவீத ஈரப்பதம் என்று பிடித்து வைப்பது எங்கள் பொறுப்பு. உள்ளே வருகிறவர்கள் "என்ன இவ்வளவுதான் குளிரா?" என்று ஏமாந்துபோவார்கள். இங்கே யாரும் குளிரைக் கேட்பதில்லை. மாறாமல் இருப்பதைத்தான் கேட்கிறார்கள்.

சிங்கப்பூரில் அது லேசுப்பட்ட காரியம் இல்லை. வெளியே எப்போதும் ஐப்பசிதான்.

உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றி விட்டால் என்ன என்று தோன்றும். பெரும்பகுதி அப்படித்தான் சுற்றுகிறது. ஆனால் அரிப்பு மெஷின்களிலும் அமிலத் தொட்டிகளிலும் எழும் புகையை அறைக்குள் விட முடியாது. அமிலத்துக்கு ஒரு குழாய், அமோனியா மாதிரிக் காரப் புகைக்கு ஒன்று, கரைப்பான் ஆவிக்கு ஒன்று, வெறும் சூட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாக உறிஞ்சி, கழுவவேண்டியதைக் கழுவி, எரிக்கவேண்டியதை எரித்து மேலே விடுகிறோம். போகிற காற்றுக்கு ஈடாகப் புதுக் காற்று வந்தே ஆக வேண்டும். கொஞ்சம் கூடுதலாகவே வர வேண்டும். அறைக்குள் அழுத்தம் ஒரு பிடி அதிகம் இருந்தால்தான், கதவு திறக்கும்போது காற்று வெளியே போகும், தூசி உள்ளே வராது.

அந்தப் புதுக் காற்றைத் தயார் செய்கிற பெட்டிதான் எம்ஏயூ. பெட்டி என்கிறேன், உள்ளே ஆள் நடந்து போகலாம். பஸ் நீளம் இருக்கும். ஒரு முனையில் வெளிக்காற்று நுழைகிறது. வடிகட்டிகள், அப்புறம் குளிர்நீர்ச் சுருள், அப்புறம் சூடேற்றும் சுருள், விசிறி, மறுபடி வடிகட்டி. காற்றை ஒன்பதரை டிகிரிக்கு இறக்கி ஈரத்தைப் பிழிந்துவிட்டுத் திரும்பச் சூடேற்றுவது பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகப் படும். எனக்கும் பட்டது. ஆனால் ஈரத்தை எடுக்க அவ்வளவு இறக்கித்தான் ஆக வேண்டும், அந்தக் குளிரோடு அறைக்குள் விடவும் முடியாது. சூடேற்றுவதற்குத் தனியாக மின்சாரம் செலவழிப்பதில்லை. குளிர்நீர் தயாரிக்கும் சில்லர் மெஷின் வெளியே தள்ளும் வெப்பத்தையே பிடித்து இதற்குக் கொடுக்கிறோம், அந்த மட்டில் மனசாட்சிக்கு ஆறுதல்.

எவ்வளவு ஈரம் என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் 22 கிராமுக்கு மேல் தண்ணீர் ஆவியாக இருக்கிறது. எங்கள் அறைக்குத் தேவை 9 கிராமுக்கும் குறைவு. மணிக்கு ஒரு லட்சம் கன மீட்டர் இழுக்கும் ஒரே ஒரு எம்ஏயூ, காற்றிலிருந்து மட்டும் மணிக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் தண்ணீர் பிழிகிறது. சுருளின் அடியில் இருக்கும் தட்டிலிருந்து குழாயில் அது ஓடும் சத்தம், ஆடி மாதத்துக் கூரைத் தண்ணீர் மாதிரி இருக்கும். கை வைத்தால் விரல் விறைக்கும். உப்பே இல்லாத தண்ணீர். வீணாக்குவதில்லை, சில்லரின் சூட்டை வெளியே விடும் கூலிங் டவருக்குப் போகிறது. போதாததற்கு நியூவாட்டர், அதாவது சிங்கப்பூர் தன் கழிவுநீரைச் சுத்திகரித்து 2003இலிருந்து வழங்கும் தண்ணீர். குடிநீரைவிடச் சுத்தம் என்பதால் அதை முதலில் ஆசையோடு வாங்கியவர்கள் சிப் தொழிற்சாலைக்காரர்கள்தான்.

சரி, ஈரம் போயிற்று. தூசி?

தூசி விஷயத்தில் எனக்குப் பிடித்த மனிதர் வில்லிஸ் விட்ஃபீல்ட். இவரும் ஒரு வில்லிஸ். பருத்தி விவசாயி ஒருவரின் மகன். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சாண்டியா ஆய்வுக்கூடத்தில் இயற்பியலாளர். அவருக்கு முன்னால் சுத்த அறை என்றால் துடைத்துத் துடைத்து மூடி வைத்த அறை. யாராவது நடந்தால் போதும், தூசி எழும்பிச் சுழன்றுகொண்டே இருக்கும். 1960 வாக்கில் விட்ஃபீல்ட் அதைத் தலைகீழாக யோசித்தார். கூரை முழுக்க வடிகட்டி, தரை முழுக்கச் சல்லடை, காற்று மேலிருந்து கீழே ஒரே நேராக, சுழலாமல் இறங்கட்டும். நீங்கள் தூசி கிளப்பினாலும் அது உங்கள் கால் வழியாகக் கீழே போய்விடும். முதல் முறை அளந்தபோது தூசி எண்ணும் கருவி கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தார்களாம், அவ்வளவு குறைவாக இருந்ததால். 1964இல் காப்புரிமை கிடைத்தது. இன்றுவரை அடிப்படை அதேதான்.

எங்கள் கூரையில் எஃப்எஃப்யூ எனும் பெட்டிகள், விசிறியும் வடிகட்டியும் சேர்ந்தவை, ஆயிரக்கணக்கில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. நேர் ஓட்டம் வேண்டிய இடங்களில் காற்று விநாடிக்கு 0.4 மீட்டர் வாக்கில் இறங்கும், நடை பழகும் குழந்தையின் வேகம். தலைக்கு மேலே நாலு மீட்டர் உயரம் என்றால் பத்து விநாடியில் மொத்தக் காற்றும் மாறிவிடுகிறது. ஓட்டை போட்ட தரைப் பலகை வழியாக இறங்கி, வாஃபிள் போலக் குழி குழியாக வார்த்த கான்கிரீட் தளத்தைத் தாண்டி, சப்ஃபேப் எனும் அடித்தளத்தின் மேல்பாகத்தில் திரும்பி, சுவரோரம் குளிர்ச் சுருளைத் தொட்டுக்கொண்டு மறுபடி கூரைக்கு ஏறும். ஆறு மாதிரி. நாங்கள் அறையைச் சுத்தம் செய்வதைவிட ஆற்றை நிற்காமல் பார்த்துக்கொள்வதே அதிகம்.

எண்ணில் சொன்னால், சர்வதேசத் தரநிலையின் 9ஆம் வகுப்புக்கு, அதாவது சாதாரண அறைக்காற்று மாதிரியான ஒன்றுக்கு, அரை மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் கன மீட்டருக்கு 3.52 கோடி வரை இருக்கலாம். 5ஆம் வகுப்பில் 3,520தான் வரம்பு. ஒரு முடியின் தடிமன் 70 மைக்ரான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வடிகட்டியைப் பற்றி ஒரு வேடிக்கை உண்டு. துகள் சிறிதாகச் சிறிதாகப் பிடிப்பது கடினம் என்றுதானே நினைப்போம்? அப்படி இல்லை. பெரிய துகள் இழையில் போய் முட்டி ஒட்டிக்கொள்ளும். மிகமிகச் சிறியதைக் காற்றின் மூலக்கூறுகள் அங்கும் இங்கும் இடித்துத் தள்ள, அது கள் குடித்தவன் மாதிரித் தள்ளாடி எங்காவது ஒட்டிக்கொள்ளும். நழுவுவது நடுவில் இருப்பதுதான், 0.1 முதல் 0.3 மைக்ரான் வரை. அதனால்தான் வடிகட்டியை அந்த அளவில் சோதிக்கிறார்கள். அந்த அளவில் தேறினால் மற்ற எல்லாம் தேறும்.

இப்போது வேஃபர்கள் 25, 25ஆக மூடிய பெட்டிக்குள் கூரைத் தண்டவாளத்தில் பயணம் செய்கின்றன. வெளிக்காற்றைத் தொடுவதே இல்லை. அப்படியிருக்க மொத்த அறையையும் பழைய காலத்துக் கெடுபிடியோடு ஓட்ட வேண்டுமா என்று எங்களுக்குள் சண்டை நடக்கும். நான் விசிறி வேகத்தைக் குறைக்கிற கட்சி. விசிறிக்குச் செலவாகும் மின்சாரம் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். வேகத்தை இருபது சதவீதம் குறைத்தால் மின்சாரம் ஏறத்தாழ பாதியாகிவிடும். இப்படிப்பட்ட தொழிற்சாலையின் மின்கட்டணத்தில் பாதிக்குப் பக்கம் மெஷின்களுக்கு இல்லை, காற்றுக்கும் தண்ணீருக்கும் குளிருக்கும்தான். உற்பத்திக்காரர்கள் "தொடாதே" கட்சி. அவர்கள் பயமும் புரிகிறது.

வெப்பத்தைப் பற்றிச் சுருக்கமாக. மெஷின் வாங்கும் மின்சாரம் எல்லாம் கடைசியில் வெப்பமாகத்தான் நம் தலையில் விழும். தைவானிலும் கொரியாவிலும் ஓடும் ஈயூவி மெஷின், அதாவது மிகக் குறுகிய அலைநீளப் புற ஊதா ஒளியால் சிப் வரையும் மெஷின், விநாடிக்கு 50,000 தகரத் துளிகளை லேசரால் அடித்து ஒளி எடுக்கிறது. ஒரு மெஷினுக்கே மெகாவாட் கணக்கில் மின்சாரம். அதில் வேஃபரை எட்டும் ஒளி துளியூண்டு, மீதி அத்தனையும் சூடு. அதை அள்ளப் பெரும்பாலும் தண்ணீர்தான், மெஷின்களுக்குள் போய்வரும் மூடிய வளையம். அந்தத் தண்ணீரை 18 டிகிரி போல வைக்கிறோம். இன்னும் குளிராக வைத்தால் நல்லதுதானே என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். ஐஸ் தண்ணீர் சொம்பு வியர்ப்பதைப் பார்த்ததில்லையா? குழாய் வியர்த்து, சொட்டுகிற இடத்தில் மின்பலகை இருந்தால் கதை முடிந்தது.

சில்லரின் அளவை இன்றும் டன்னில் சொல்கிறோம். எடை டன் இல்லை. 24 மணி நேரத்தில் ஒரு டன் ஐஸ் உருகினால் எவ்வளவு குளிர் கிடைக்குமோ அது, 3.5 கிலோவாட். பாஸ்டனிலிருந்து கப்பலில் ஐஸ்கட்டி வந்து மெட்ராஸ் கடற்கரை ஐஸ்ஹவுஸில் இறங்கிய காலத்துக் கணக்கு. சில்லர் பேனலில் '2,000 டன்' என்று பார்க்கும்போதெல்லாம் மரத்தூள் மூடிய ஐஸ் மலை ஒன்று மனதில் வரும்.

2013 ஜூனில் எதிரி புகையாக வந்தான். இந்தோனேசியாவின் சுமத்ராவில் காடெரிப்பு. ஜூன் 21 மதியம் சிங்கப்பூரின் காற்று மாசுக் குறியீடு 401. அதுவரை காணாத எண். பக்கத்துக் கட்டடம் தெரியவில்லை. ஊரில் விறகடுப்புப் பக்கம் நின்ற வாடை. எம்ஏயூவின் முன்வடிகட்டியில் அழுத்த வித்தியாசத்தைக் காட்டும் மீட்டர் கண்ணெதிரே ஏறியது. மாற்ற வேண்டிய தேதிக்கு ரொம்ப முன்னாலேயே கழற்றினோம், வெள்ளையாகப் போட்டது பழுப்பாக வந்தது. துகளுக்குப் பயமில்லை, வழியில் இன்னும் மூன்று கட்டக் காவல் இருக்கிறது. எங்களுக்குப் பயம் வாயுவைப் பற்றி. தூசி வடிகட்டியில் வாயு மூலக்கூறு நிற்காது. அதற்குக் கரித்தூள் வைத்த தனி வடிகட்டி வேண்டும்.

மூலக்கூறு எவ்வளவு படுத்தும் என்று 1990களின் தொடக்கத்தில் ஐபிஎம் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அப்போது வந்த புதுவகை ஒளிப்பசை, அதாவது ஒளியால் வரைவதற்காக வேஃபர்மீது பூசும் பூச்சு, காற்றில் நூறு கோடியில் சில பங்கு அமோனியா வகை ஆவி இருந்தாலே மேல்பரப்பில் செத்துப்போனது. வரைந்த கோடுகள் தலையில் தொப்பி வைத்த மாதிரி வந்தன. அமோனியா எங்கிருந்து வரும்? புதுக் கான்கிரீட்டிலிருந்து, தரை துடைக்கும் திரவத்திலிருந்து, நம் வியர்வையிலிருந்து, மூச்சிலிருந்து. அந்த அறைக்குள் மிகப் பெரிய அழுக்கு நாம்தான்.

இனி என் கதைக்கு வருகிறேன். ஒரு இரவு ஷிஃப்ட். அறையின் ஈரப்பதம் 45 இருக்க வேண்டிய இடத்தில் 46ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. வரம்பு 47. மூன்று எம்ஏயூக்கள் அந்தப் பகுதிக்குக் காற்று தருகின்றன. எதன் சென்சார் பிசகுகிறது என்று பார்த்து வா என்று ஷிஃப்ட் லீடர் அனுப்பினார். மன்னார்குடிக்காரர், எங்களுக்கெல்லாம் அண்ணன்.

டியூ பாயின்ட்டைச் சரிபார்க்க எங்களிடம் ஒரு கருவி உண்டு. உள்ளே சுண்டுவிரல் நகம் அளவுக் கண்ணாடி. அதை மெல்ல மெல்லக் குளிரவைக்கும். எந்த டிகிரியில் கண்ணாடியில் மூச்சு பட்ட மாதிரி பனி படிகிறதோ, அதுதான் டியூ பாயின்ட். இதற்குமேல் நேர்மையான கருவி இல்லை. முதல் யூனிட் சரி. இரண்டாவதில், சென்சார் 9.5 காட்ட, கண்ணாடி 10.5 என்றது. சென்சார் ஒரு டிகிரி குறைத்துச் சொல்கிறது. பிடித்துவிட்டேன்! திருத்தம் போடும் இடத்துக்குப் போய் ஒன்று என்று அடித்து, கையெழுத்துப் போட்டு, ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு இறங்கினேன். அப்போது மணி பன்னிரண்டரை.

இரண்டு மணிக்கு லித்தோவிலிருந்து போன். ஈப்போவிலிருந்து வந்து வேலை பார்க்கும் அக்கா. "தம்பி, 47 காட்டுது. நான் புது லாட் ஏத்துறத நிறுத்திட்டேன். என்னாச்சு அங்க?"

ஓடினேன். இரண்டாவது யூனிட்டைத்தான் சரிசெய்துவிட்டேனே, ஆக, மூன்றாவதில்தான் கோளாறு என்று அதையே நோண்டினேன். சுருள், வால்வு, குளிர்நீர் அழுத்தம், எல்லாம் பழுதில்லாமல் இருந்தன. கண்ணாடிக் கருவியும் 9.5 என்றது. முதல் யூனிட்டுக்குத் திரும்ப ஓடினேன். அதுவும் 9.5. வியர்த்துவிட்டது. அண்ணன் மெதுவாக ஏறி வந்தார். கையில் டீ. ஒன்றே ஒன்று கேட்டார்.

"கடைசியா எதத் தொட்ட?"

பேனலைத் திறந்து காட்டினேன். திரையில் மைனஸ் 1.0 என்று இருந்தது. கூட்ட வேண்டிய ஒன்றைக் கழித்திருக்கிறேன். ஏற்கெனவே குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்த சென்சார் இன்னும் ஒரு டிகிரி குறைத்துச் சொல்ல, காற்று போதுமான அளவு உலர்ந்துவிட்டது என்று நம்பி, வால்வு குளிர்நீரைக் குறுக்கிக்கொண்டே போயிருக்கிறது. காட்டுவது 9.5, உண்மையில் 11.5. மூன்றில் ஒரு யூனிட் அப்படி ஊதினால் அறை 47க்கு வருவது கணக்குப்படி சரி. மெஷின் ஒரு தப்பும் செய்யவில்லை.

குறியை மாற்றியதும் சுருளின் அடியில் தண்ணீர்ச் சத்தம் கனத்தது. ஒரு மணி நேரத்தில் அறை 45க்கு இறங்கிவிட்டது. லித்தோ அக்காவுக்கு நானே போன் செய்து என்ன நடந்தது என்று சொன்னேன். "சரி, அடுத்த தடவ ஏறுறதுக்கு முன்னாடியே சொல்லு" என்று வைத்துவிட்டார். அண்ணன் திட்டவில்லை. லாக்புக்கில் என் கையாலேயே எழுதச் சொன்னார், முழுசாக, மைனஸ் உட்பட. விடியற்காலையில் அந்தப் பேனல் கதவின் உள்பக்கம் பட்டை மார்க்கரால் அவரே ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'சென்சார் கொறச்சு சொன்னா கூட்டணும்டா' என்று தமிழில்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த பிலிப்பைன்ஸ் பையனுக்கு அந்த யூனிட்டைக் காட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் ஊருக்குத் திரும்பி நாலு வருஷம் ஆகிறது. எழுத்து கொஞ்சம் மங்கியிருந்தது. பையன் அதைத் தடவிப் பார்த்து, என்ன எழுதியிருக்கிறது, எச்சரிக்கையா என்று கேட்டான். மார்க்கரை வாங்கி, பக்கத்திலேயே பெரிதாக ஒரு கூட்டல் குறி போட்டுக் கொடுத்தேன்.